வயருக்கு ஒரு வழிப் பாத்தியம்

மக்கா,

நீ அனுப்பிய வீடியோவை நான்கு தடவை பார்த்துவிட்டேன். முதல் தடவை உன் அம்மா பக்கத்தில் இருந்தாள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு வீட்டுக்கு அதை அனுப்பியும் வைத்தாள். மற்ற மூன்று தடவையும் மொட்டைமாடியில் தனியாக நின்று பார்த்தேன். சட்டையில் மைக்கைச் செருகிக்கொண்டு, உன் கம்பெனி அரங்கில் நிதானமாக நடந்தபடி பேசுகிறாய். அந்தக் கட்டிடத்தில் ஒரு இணைப்பு போனால் இரண்டாவது, அதுவும் போனால் மூன்றாவது என்று தயாராக நிற்கிறது. அங்கிருந்து பைக்கில் பத்து நிமிடம் போனால் ஒரே போனைச் சுற்றி நான்கு பிள்ளைகள் உட்கார்ந்து முறை வைத்துப் பாடம் பார்க்கிறார்கள் என்கிறாய். நன்றாகத்தான் சொன்னாய். பிறகு குரலைத் தாழ்த்தி, இது நான் எங்கேயோ படித்த விஷயம் இல்லை, என் அத்தை மகளுக்கு நடந்தது என்று ஆரம்பித்தாய். ஊரடங்கு நாளில், அவள் வாழ்க்கையிலேயே பெரிய நேர்முகத் தேர்வுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, ஒரு தென்னை ஓலை விழுந்து கேபிள் அறுந்ததைச் சொன்னாய். என் அப்பா பல வருஷப் பகையை மறந்து அவளுக்குக் கதவைத் திறந்தார் என்று முடித்தாய். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

ஓலை விழவில்லை. அந்த வயரை வெட்டியது நான்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். இந்த வாரத்தில் மூன்று தடவை உன்னை அழைத்தேன். மூன்று தடவையும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அடுத்த மாதக் கூட்டத்துக்கு அந்த அத்தை மகள் அஜிதாவையே அழைத்து மேடையில் ஏற்றப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். அந்த மேடையில் நின்று அவள் என் பொய்யைத் தன் வாயால் சொல்லும்படி ஆகிவிடக் கூடாது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். பொறுமையாக எழுத வரவில்லை. நாற்காலியை விட்டு எழுந்து மாடிக்குப் போகிறேன், திரும்பி வந்து முந்தின வரியை வாசிக்கிறேன். அடித்துத் திருத்தியதையெல்லாம் அப்படியே விட்டிருக்கிறேன், பொறுத்துக்கொள்.

உன் அத்தைக்கும் எனக்கும் பேச்சு நின்ற கதை உனக்குப் பாதிதான் தெரியும். உன் தாத்தா படுக்கையில் விழுந்தபோது நான் வெளியூர்க் கல்லூரியில் கணக்கு வாத்தியார். எனக்குப் பின்னால் சேர்ந்தவனைத் துறைத்தலைவர் ஆக்கிய கல்லூரி அது. அதையும் நான் மறந்ததில்லை. பாகப் பத்திரம் எழுதிக் கையெழுத்தும் ஆன பிறகுதான் எனக்குத் தகவல் வந்தது. தெருவைப் பார்த்த வீடு எனக்கு, கால்வாய்க்கரை ஓரமாக இருந்த பின்பாதியும் கிணறும் தென்னைகளும் உன் அத்தைக்கு. அவள் தெருவுக்கு வர என் மதிலோரமாக வழிநடைப் பாத்தியம், நான் கிணற்றில் தண்ணீர் எடுக்க நீர்ப் பாத்தியம் என்று உன் தாத்தா வரி பிசகாமல் எழுத வைத்திருந்தார். பங்கில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. என்னைக் கேட்காமல் செய்தார்கள் என்பதுதான் என் கோபம். அந்தக் கோபத்தை நான் பதினொரு வருஷம் நாள் தவறாமல் கவனித்து வளர்த்தேன். உன் அத்தை கணவரை இழந்து, தையல் மிஷினை மட்டும் வைத்துக்கொண்டு அஜிதாவைப் படிக்கவைத்ததை மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டே வளர்த்தேன். உன் அம்மா மட்டும் கறிவேப்பிலைக்கும் மோருக்கும் மதில் மேல் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுச் சேதியெல்லாம் அப்படித்தான் எனக்கு வரும்.

நாகர்கோவில் மாநகராட்சி ஆகிவிட்டது என்று பெருமை பேசுகிறோம். நம் தெருவின் மின்கம்பத்தில் அன்றே மூன்று கம்பெனிகளின் வயர் சுற்றிக் கிடந்தது, நம் வீட்டுக்கும் அதில் ஒன்று தனியாக வந்தது. கால்வாய்க்கரையில் இருந்த நான்கு வீட்டுக்கு ஒரு கம்பெனிகூட வரவில்லை. வீடு குறைவு, கம்பம் நட இடம் இல்லை, லாபம் இல்லை. அங்கே தோப்பும் பள்ளமும் என்பதால் போனிலும் சிக்னல் நிற்காது. கடைசியில் கேபிள்காரன் செல்வன்தான் ஒரு வழி கண்டுபிடித்தான். தெருக் கம்பத்திலிருந்து நம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் தூணுக்கு வயரை இழுத்து, அங்கிருந்து உன் அத்தையின் தென்னைக்கு, அதிலிருந்து நான்கு வீட்டுக்கும் கொண்டுபோனான். என்னிடம் கேட்கவே இல்லை. நீதான் சரி என்று சொல்லியிருந்தாய். அந்தக் கறுப்பு வயரை நான் தினமும் தலைக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி சொல்லப்போவது உனக்கு வலிக்கும். நீ கணக்கில் மேற்படிப்புக்கு வடக்கே அந்தப் பெரிய நிறுவனத்துக்கு விண்ணப்பித்து, முதல் பட்டியலிலேயே பெயர் வராமல், ஒரு வாரம் யாரோடும் பேசாமல் இருந்தாய் அல்லவா? அடுத்த வருஷம் அதே நிறுவனத்தின் பட்டியலில் அஜிதாவின் பெயர் வந்தது. நேர்முகத் தேர்வு வீடியோவில், காலை பத்து மணிக்கு, அரை மணி நேரம். உன் அம்மா மோர்ப் பாத்திரத்தோடு அந்தச் சேதியையும் கொண்டுவந்தாள். நான் பேப்பரை மடக்காமல் கேட்டுக்கொண்டேன். என் இருபத்திரண்டாம் வயதில் அதே நிறுவனத்திலிருந்து எனக்கும் நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. தபால்காரர் அதை என் சித்தப்பாவின் கடையில் கொடுத்துவிட்டுப் போனார். ஒன்பது நாள் அது அவர் மேசைக்குள் கிடந்தது. என் கையில் வந்தபோது தேதி முடிந்துவிட்டது. மறந்துபோச்சு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். நான் நம்பவில்லை. அவர் சாவுக்குக்கூடப் போகவில்லை, உனக்கே தெரியும். எதற்கு இதைச் சொல்கிறேன் என்றால், ஒரு அழைப்பைத் தடுத்தால் ஒரு மனிதனுக்கு என்ன ஆகும் என்பது இந்த ஊரில் வேறு யாரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

அன்று காலை மாடியில் சாய்ந்து கிடந்த முருங்கைக் கொப்பைக் கழிக்க வெட்டுக்கத்தியோடு போனேன். நீ முன்னறையில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆபீஸ் கூட்டத்தில் இருந்தாய். கீழே உன் அத்தை வீட்டுக்குள் அஜிதா ஆங்கிலத்தில் தன்னை அறிமுகம் செய்து பழகுவது மெல்லக் கேட்டது. குரல் நடுங்கவில்லை. உனக்கு நடுங்கும். அதுதான் என்னைப் பிடித்துத் தள்ளியது என்று நினைக்கிறேன். உனக்காகச் செய்தேன் என்று எழுதினால் அது இன்னொரு பொய். கையில் கத்தி இருந்தது, தலைக்கு மேல் வயர் இருந்தது, கடிகாரத்தைப் பார்த்தேன், பத்துக்கு ஐந்து நிமிடம் இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தவன் கை தவறி வெட்டினேன் என்று சொல்ல முடியாது. ஒரே வெட்டு. பிறகு மாடி மூலையில் கிடந்த காய்ந்த ஓலையை இழுத்துவந்து, அறுந்த முனையின் மேல் பாதி விழும்படி சாய்த்து வைத்தேன். வயரை வெட்டியதைவிட அந்த ஓலையை இழுத்த நேரம்தான் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. ஓலையின் அடிமட்டை சிமெண்டுத் தரையில் உரசும் சத்தம்.

அவள் போனில் முயன்றிருக்கிறாள். படம் உறைந்து உறைந்து நின்றிருக்கிறது. இருபது நிமிடம் கழித்து, பதினொரு வருஷமாக வராத வாசலில் வந்து நின்றாள். சேலை கட்டியிருந்தாள், நேர்முகத்துக்காக.

“மாமா, நெட்டு போச்சு. உங்க வீட்டுல கொஞ்ச நேரம் இருந்துக்கிடட்டா? பத்து நிமிஷம் போரும்.”

“மாடி ரூம் சாவிய எங்க வெச்சேன்னு பாக்கட்டு,” என்றேன். சாவி என் மடியில் இருந்தது. நீ சத்தம் கேட்டு ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு வந்தாய். “சாவி எதுக்குப்பா, நீ இங்க இரி பிள்ளே,” என்று உன் நாற்காலியையும் லேப்டாப்பையும் அவளிடம் தள்ளினாய். சமையலறையில் மிக்சி சத்தம் என்று நீ முணுமுணுத்த பிறகுதான், நான் சாவியைக் கண்டுபிடித்தவன் மாதிரி எடுத்து மாடி அறையைத் திறந்தேன். நீ மேடையில் சொன்ன கதவு அதுதான். அவள் உள்ளே போய் உட்கார்ந்தபோது மீதி இருந்தது ஐந்து நிமிடம். வெளியே வந்து, “தேங்க்ஸ் மாமா,” என்றாள். எனக்கு! அந்த இடம் அவளுக்குக் கிடைக்கவில்லை. இப்போது அவள் ஒரு தனியார் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். நல்ல வேலைதான். ஆனால் அவள் கணக்கு அதைவிடப் பெரியது என்பது எனக்குத் தெரியும். மதிலுக்கு அந்தப் பக்கம் அவள் உரக்கப் படித்ததைக் கேட்டே எனக்குத் தெரியும்.

மூன்று நாள் கழித்துத்தான் செல்வன் வயரை ஒட்டவைக்க வந்தான். மூன்று நாளும் நான்கு வீடும் இருட்டு மாதிரிதான். கடைசி வீட்டுக் கிழவர் சவுதியில் இருக்கும் மகனின் முகத்தைப் பார்க்க முடியாமல் கால்வாய்க்கரையில் போனைத் தூக்கிப் பிடித்து நடந்தார். செல்வன் என்னிடம் படித்தவன், நான் கணக்கில் இரண்டு தடவை தோற்கவைத்தவன். குனிந்து முனையை எடுத்து விரலால் தடவிப் பார்த்தான்.

“ஓலையா சாரே?”

“ஆமா. காத்து இல்லியா.”

“இப்பத்த ஓலைக்கெல்லாம் நல்ல கூர்மையாக்கும் சாரே. சாணை பிடிச்சு வெச்சிருக்கும் போல.”

அவன் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. அதன்பின் வழியில் பார்த்தால் வண்டியை நிறுத்தி, “சாரே, ஓலை ஒண்ணும் விழல்லியே?” என்று கேட்டுவிட்டுப் போவான். அவனைத் திமிர் பிடித்தவன் என்று நான் உன்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன்.

இதற்குப் பிறகும் நான் வாயைத் திறக்காமலே இருந்திருப்பேன். போன வருஷம் உன் வீட்டில் தங்கிய இருபது நாள்தான் என்னைக் குடைய ஆரம்பித்தது. உங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் அந்தத் தகரக் கூரைக் குடியிருப்பு இருக்கிறதே, அங்கிருந்துதான் வீட்டு வேலைக்குக் கலா வருவாள். உன் வைஃபை கடவுச்சொல்லை அவளுக்குக் கொடுத்திருந்தாய். பாத்திரத்தைக் கழுவும்போது மகனின் பாடங்களைப் போனில் இறக்கிக்கொண்டு போவாள். நல்ல பிள்ளை என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் அடுக்குமாடிச் சங்கக் கூட்டத்துக்கு என்னையும் கூட்டிப்போனாய். பின்பக்கக் குடியிருப்புக்குக் கேபிள் கொண்டுபோக உங்கள் காம்பவுண்டு வழியாக அனுமதி கேட்டிருந்தார்கள். செயலாளர் எழுந்து, “நம்ம சுவர் மேல எதுக்கு சார்? நாளைக்கு ஒருத்தன் ஏறி இறங்குவான், யார் பாத்துக்கிறது?” என்றார். மறுப்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். நீ போனைப் பார்த்துக்கொண்டே கையைத் தூக்கினாய். பிளாஸ்டிக் நாற்காலியில் உனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த நான் அந்தக் கையைப் பார்த்தேன். உனக்கு அவர்கள் மேல் பகை ஏதும் இல்லை. அந்தப் பேச்சு உன் காதில் சரியாக விழுந்ததா என்றுகூடத் தெரியாது. ஆனால் கலாவுக்குக் கடவுச்சொல்லைக் கொடுத்த அதே கைதான். நீ வீடு மாறினால் அவளுக்கு அதுவும் போயிற்று. நாம் கொடுப்பது நம் குணம் நன்றாக இருக்கும் நாள்வரைக்கும்தான் அவர்களுக்கு இருக்கும். குணம் கெடுகிற நாளில் என்ன ஆகும் என்பதற்கு உன் அப்பனைத் தவிர வேறு சாட்சி வேண்டாம்.

மேடையில் நீ சொன்னதில் எனக்கு உறுத்துவது அதுதான். பெருநகரத்தில் ஒரு பக்கம் மூன்று இணைப்பு, இன்னொரு பக்கம் ஒன்றுமில்லை என்கிறாய். அது ஏதோ மழை ஒரு தெருவில் பெய்து அடுத்த தெருவில் பெய்யாதது மாதிரி இருக்கிறது உன் பேச்சில். அப்படி இல்லை மக்கா. வயர் யாருடைய மாடியைத் தாண்டி வரவேண்டும் என்று கேள். அந்த மாடிக்காரன் என்ன சொன்னான் என்று கேள். ஓலை விழுந்தது என்று யாராவது சொன்னால், அறுந்த முனையைக் காட்டச் சொல்லித் தடவிப் பார். செல்வனுக்குத் தெரிந்தது உனக்குத் தெரியாமல் போனது, என் மேல் நீ வைத்த மரியாதையால்தான். அந்த மரியாதையை நான் இதுவரை திருட்டுத்தனமாக அனுபவித்துவிட்டேன்.

நேற்று முன்தினம் மதிலோர வழியில் நடந்து உன் அத்தை வீட்டுக்குப் போனேன். உன் தாத்தா எழுதிவைத்த அந்த வழியில் இத்தனை வருஷத்தில் எனக்கு முதல் நடை. அத்தை தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அஜிதா பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அத்தையின் கை நின்றது.

“என்னண்ணே? அண்ணிக்கு ஒண்ணும் இல்லியே?”

“அவளுக்கு ஒண்ணும் இல்ல,” என்றேன். உட்காராமலே சொன்னேன். “அண்ணைக்கு வயரு அறுந்தது ஓலை விழுந்து இல்ல. நான் வெட்டினதாக்கும்.”

அஜிதா தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஒரு மதிப்பெண்ணைப் போட்டு வட்டமிட்டாள். “தெரியும் மாமா,” என்றாள்.

“தெரியுமா?”

“அண்ணைக்கே மாடில வெச்சுப் பாத்தேன். ஓலை விழுந்தா வயரு இழுபட்டுத் தொங்கும், நாரு நாரா நிக்கும். அது ஒரே வெட்டுல்லா. உங்க சாவியும் மடியிலதான் இருந்துது.”

“பின்ன ஏன் கேக்கல?”

அத்தைதான் பதில் சொன்னாள். அவள் குரல் உயரவே இல்லை. “கேட்டா நீ என்ன செய்வே? மாடியப் பூட்டிருவே. பின்ன எனக்கு வேற எங்கன உண்டு வயரு வர வழி? நாலு வீட்டுக்கும் ஒன் மாடியத் தாண்டித்தானே வரணும். அதான் ஓலைன்னு நீ சொன்னே, ஓலைன்னு நாங்களும் சொன்னோம்.”

எனக்கு வசை கிடைக்கும் என்று போனேன். வசை கிடைத்திருந்தால் நான் அதையும் ஒரு குறையாகச் சேர்த்துவைத்து வாழ்ந்திருப்பேன். ஐந்து வருஷமாக என் கையால் கெட்டவர்கள் என் மாடிக்குப் பயந்து என் பொய்யைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். மன்னித்துவிடு என்று சொன்னேன். அந்தச் சொல்லை அஜிதா கேட்காதவள் மாதிரித் தாண்டிப் போனாள். தாள்களை அடுக்கி வைத்துவிட்டு, “தாத்தா பத்திரத்துல நடக்கதுக்கு எழுதினாரு, தண்ணிக்கு எழுதினாரு. வயருக்கு எழுதல்ல. அப்ப வயரு கெடையாது. நீங்க எழுதித் தாருங்கோ மாமா,” என்றாள். “உங்க குணத்த நம்பி இனி எங்களால இருக்க முடியாது.”

சரி என்றேன். அப்போதுதான் நினைவுக்கு வந்தது. உன் அத்தை எந்தக் காலத்திலும் பங்கு கேட்டுவிடக் கூடாது என்று மூன்று வருஷம் முன்னால் அவசர அவசரமாக இந்த வீட்டை உன் பெயருக்கு எழுதிவைத்தவன் நான். என் கையெழுத்து இப்போது எதற்கும் ஆகாது. அதையும் அஜிதாவிடம் சொன்னேன்.

“வயர வெட்டினது அவனுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“அப்ப முதல்ல அவன்ட்ட சொல்லுங்கோ. ஒண்ணும் விடாம சொல்லணும். பின்ன அவன் போடட்டு கையெழுத்து.”

அதனால்தான் மக்கா இந்தக் கடிதம். இதோடு பத்திர எழுத்தர் எழுதித் தந்த நகலை வைத்திருக்கிறேன். தெருக் கம்பத்திலிருந்து மொட்டைமாடி வழியாகப் பின்பக்கத்து நான்கு வீட்டுக்கும் கேபிள் கொண்டுபோகவும், பழுது பார்க்க ஆள் மாடியில் ஏறவும், இந்த வீட்டை யார் வாங்கினாலும் யார் அனுபவித்தாலும் தடை சொல்ல உரிமை இல்லை என்று அதில் இருக்கிறது. இப்படி ஒன்றை இதுவரை யாரும் எழுதச் சொன்னதில்லை என்று அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார். உன் பெயருக்குக் கீழே இடம் விட்டிருக்கிறது. வாசித்துப் பார்த்துவிட்டு, மனம் ஒப்பினால் வந்து பதிவு செய்துகொடு. என் மேல் உள்ள கோபத்தில் போடாமல் இருந்துவிடாதே. கோபம் வேறு, இது வேறு என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அல்லது சொன்னதை நான் கேட்கவில்லை. உங்கள் சங்கத்தில் அடுத்த கூட்டம் எப்போது என்றும் எழுது. அங்கே தூக்கிய கையைப் பற்றி நான் வேறு ஒன்றும் சொல்லப்போவதில்லை.

அஜிதா மேடையில் என்ன சொல்லப் போகிறாள் என்று நான் கேட்கவில்லை, கேட்க எனக்கு உரிமையும் இல்லை. ஓலை என்று சொல்லமாட்டாள், அது மட்டும் தெரியும். புறப்படும்போது வாசலில் நின்று, ரயிலில் துணைக்கு யார் வருகிறார்கள் என்று கேட்டேன். அம்மாவுக்குத் தையல் வேலை இருக்கிறது, தனியாகத்தான் போகிறேன் என்றாள். சற்று யோசித்துவிட்டு, “நீங்க வாருங்கோ மாமா. முன்வரிசையில இரிங்க,” என்றாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை, ஆனால் அதன் ஓரத்தில் ஏதோ அசைந்தது.

“வரும்போ ஓலை ஒண்ணும் கொண்டு வரண்டாம்.”

டிக்கெட் எடுத்துவிட்டேன். அவள் பேசும்போது மேடையிலிருந்து நீ என் முகத்தைப் பார்த்தாலும் சரி, பார்க்காமல் விட்டாலும் சரி, நான் எழுந்து போகமாட்டேன்.

அப்பா